பஸ்ராக் கல்

சித்தூர்,
17-8-2025, ஞாயிறு

அன்புத் தம்பி காலேபுக்கு,

அக்கா கேசியா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம். முட்டி மட்டும் என்னைவிடப் பத்து வயது மூத்ததுபோல நடந்துகொள்கிறது. நீ சுகமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். ஐந்து முறை அடித்தும் நீ எடுக்கவில்லை. ரிஜிஸ்டர் தபால் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கித்தானே ஆக வேண்டும், அதற்காகத்தான் இந்தச் செலவு.

வேலூர் ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்களாம். வியாழக்கிழமை முனிசிபாலிட்டி ஆட்கள் டேப்பைப் பிடித்துக்கொண்டு நம் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து, வாசலிலிருந்து பன்னிரண்டு அடி அளந்து, பஸ்ராக் கல்லின் நெற்றியில் சிவப்புப் பெயின்டால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. என் நெற்றியில் போட்டிருந்தால்கூட இப்படி எரிந்திருக்காது.

மனு எழுதி வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா பார்: "முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஸ்டிரெச்சரில் தூக்கும் வேலைக்கு மெசப்பொத்தேமியாவுக்குப் போய், பஸ்ராவிலிருந்து திரும்பாத எங்கள் சபையார் ஆறு பேரின் நினைவுக்கல் இது. மூன்றாவது பெயர் எங்கள் கொள்ளுத்தாத்தா சா. ஏசுவடியான். அவர் உடல் வரவில்லை. எங்களுக்கு இந்தக் கல்லே கல்லறை. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் ஞாயிறும் போதகர் ஐயா இந்தப் பெயர்களை வாசிப்பார். அந்தந்தக் குடும்பத்தில் ஒருவர் 'ஆஜர்' என்று பதில் சொல்வார். கல் நட்ட நாள் முதல் ஒரு பெயரும் பதில் இல்லாமல் போனதில்லை." இதற்குமேல் என்ன எழுத?

மற்ற ஐந்து குடும்பத்திலும் நம் சபைச் செயலாளர் ஜெபசிங் சம்மதம் வாங்கிவிட்டாராம். பாதிப் பேர் பெங்களூரிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன. கமிட்டியில் இருக்கிற எனக்கே இதைச் சொல்லவில்லை பார். ஆனால் எல்லா வாரிசுகளும் சம்மதித்தால்தான் கல்லை எடுக்க முடியும். நம் பெயருக்கு வாரிசு நீயும் நானும்தான். "ஒரு குடும்பம் ஒப்புக்கலன்னாலும் ரோடு அந்தப் பக்கம் தள்ளிப் போவும்மா" என்று சர்வேயரே சொன்னார்.

செப்டம்பர் எட்டு, திங்கட்கிழமை முனிசிபல் ஆபீசுக்குப் போகிறேன். நீயும் வா. இரண்டு பேராய்ப் போய் நிற்கலாம்.

உன் துர்கா போய் ஆறு மாதம் ஆகிவிட்டது. அதற்குப்பின் நீ சித்தூர் பக்கமே வரவில்லை. அவளை இங்கே அடக்கம் பண்ணக் கூடாது என்று சபை சொன்னதில் எனக்கும் வருத்தம்தான். என் கையில் என்ன இருக்கிறது, சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
கேசியா

---

திருப்பதி,
26-8-2025

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன்.

எட்டாம் தேதி வர முடியாது. பிரம்மோற்சவத்துக்கு ஸ்பெஷல் பஸ் போடுகிற வேலை இப்போதே ஆரம்பித்துவிட்டது. டிப்போவில் கன்ட்ரோலர் நான் ஒருவன்தான் உருப்படியாக இருக்கிறேன், மற்றவன் லீவில் போய்விட்டான். இந்த நேரத்தில் லீவு கேட்டால் மேனேஜர் என்னையே பஸ்ஸுக்கு அடியில் படுக்கச் சொல்வார்.

கல் விஷயம். ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறாய்? நம் சபைக் கோயில் காம்பவுண்டுக்குள் கொண்டுவந்து வைக்கப் போகிறார்கள் என்றுதானே சொல்கிறார்கள். அங்கே ஆடு மேயாது. ஆட்டோக்காரன் அதன்மேல் சாய்ந்து பீடி பிடிக்கமாட்டான். அடியில்தான் யாரும் இல்லையே அக்கா. கல் எங்கே இருந்தால் கொள்ளுத்தாத்தாவுக்கு என்ன?

வெயிலில் ஆபீஸ் ஆபீசாய் அலையாதே. உனக்கும் அறுபத்தாறு ஆகிறது. விட்டுவிடு. நான் சொல்வதை ஒரு முறையாவது கேள்.

சாப்பிடுகிறேன். மெஸ் சாப்பாடு. பரவாயில்லை.

காலேப்

---

சித்தூர்,
9-9-2025

காலேப்,

நேற்று போனேன். மனுவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கொள்ளுத்தாத்தா போட்டோவின் ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கிரண்குமார் என்று ஒரு கிளார்க், நல்ல பையன். ஃபைலைப் புரட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மீரே சந்தகம் பெட்டாரு கதா அம்மா, மள்ளி எந்துக்கு ஒச்சாரு?" என்றான். நானே கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி எதற்கு வந்தேன் என்கிறான்.

"நான் எங்கய்யா போட்டேன்? பைத்தியமா புட்ச்சிகீது எனக்கு?" என்று கத்திவிட்டேன். அவன் ஃபைலை என் பக்கம் திருப்பி வைத்தான்.

ஜூன் 27 தேதியிட்ட சம்மதப் பத்திரம். கீழே இரண்டு கையெழுத்து. முதலில் உன்னுடையது. பக்கத்தில் என்னுடையது.

நைனா செத்தபோது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினேழு. அன்றிலிருந்து உன் பிராக்ரஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது நான். எட்டாம் வகுப்பில் கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கிக்கொண்டு, எனக்குக் காட்டாமல் நீயே என் கையெழுத்தைப் போட்டுக் கொண்டுபோனாய். கடைசி எழுத்திலிருந்து கீழே இழுத்துச் சுழிக்கிற வால்வரை அச்சு அசலாய் இருந்தது. வாத்தியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டியபோது நான் என்ன செய்தேன்? என் கையெழுத்துதான் என்றேன். வீட்டுக்கு வந்து முதுகில் நாலு வைத்தேன், அப்புறம் உன் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்தேன். அன்றைக்குச் சிரித்திருக்கக் கூடாது.

ஆறு வருஷத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி என் வலது மணிக்கட்டு முறிந்தது, நினைவிருக்கிறதா? அதற்குப்பின் அந்த வாலை என்னால் இழுக்க முடியவில்லை. பாங்கிலும் பென்ஷன் ஆபீசிலும் வால் இல்லாத புதுக் கையெழுத்துதான் கொடுத்திருக்கிறேன். நீ பழைய பாடத்தையே ஒப்பித்திருக்கிறாய். அந்த வாலைப் பார்த்ததும் எனக்கு யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆபீசர் கூப்பிட்டுப் பேசினார். இது என் கையெழுத்து இல்லை என்று எழுதிக் கொடுத்தால் கல்லைத் தொடமாட்டார்களாம், ரோடு தள்ளிப் போய்விடுமாம். ஆனால் பொய்க் கையெழுத்து என்றால் போலீசுக்கு எழுதியே ஆக வேண்டுமாம். 22-ம் தேதிவரை டைம் கொடுத்திருக்கிறார். உன் வேலை, பென்ஷன் எல்லாம் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

வேலியே பயிரை மேய்ந்தால் விளைந்தது வீடு வந்து சேராது என்பார்கள். நான் ஊரெல்லாம் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன், நீ எனக்கு "வெயிலில் அலையாதே" என்று எழுதிக்கொண்டிருந்தாய்.

எதற்காகச் செய்தாய்? 22-ம் தேதிக்குள் எழுது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் போய்ச் சொல்லத்தான் போகிறேன்.

கேசியா

---

திருப்பதி,
14-9-2025

அக்காவுக்கு,

நான்தான் போட்டேன். இல்லை என்று சொல்லப்போவதில்லை. மணிக்கட்டு விஷயம் மறந்தே போய்விட்டது.

எதற்காக என்று கேட்டாய். முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

துர்கா நகரியில் தறிக்காரர் மகள். நான் அந்த ரூட்டில் கண்டக்டராக இருந்தபோது பார்த்து, ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டேன். ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் முப்பத்திரண்டு நவம்பர், ஒன்றுகூடத் தப்பாமல், முதல் நாளே சித்தூர் வந்து பஸ்ராக் கல்லின் மேடையைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தவள் யார்? நீயா, நானா, கமிட்டியா? முதல் வருஷம் தெரியாமல் கல்லின்முன் கற்பூரம் ஏற்றிவிட்டாள். சபையின் மனோரமா அம்மா போட்ட சத்தத்தில் பயந்துபோய், மறு வருஷத்திலிருந்து மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். அவளுக்கு அவர் "பஸ்ரா தாத்தா". நம்மைவிட அவள்தான் அவரை வீட்டு ஆளாக நினைத்தாள்.

ஜனவரியில் ஆஸ்பத்திரியில் வைத்து என்னிடம் சொன்னாள்: "நான் செத்துப்பூட்டா என்னை பஸ்ரா தாத்தா பக்கத்துல வெச்சுடுயா. அங்க ஆளே இல்ல, இடம் சும்மாதானே கீது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிப்ரவரியில் அவள் போனதும் உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "கமிட்டியைக் கூட்றாங்கடா, நான் பேசறேன்" என்றாய். மறுநாள் காலை, சபை ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். போனிலேயே அழுதாய். நான் நம்பினேன். நகரியில் அவள் அண்ணன்கள் கொண்டுபோய் எரித்தார்கள். மறுநாள் எலும்பு பொறுக்கும்போது ஒரு கைப்பிடி கேட்டு வாங்கிக்கொண்டேன். எனக்குச் சாப்பாடு கட்டித் தருவாளே, அந்த டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூனில் ஜெபசிங்கிடம் போனேன். இந்தச் சாம்பலையாவது அம்மா கல்லறையில் ஒரு ஓரமாய்ப் புதைக்க விடுங்கள் என்று கேட்டேன். அவர் கல்லுக்கான சம்மதப் பத்திரத்தை எடுத்து வைத்தார். "ரெண்டு பேர் கையெழுத்தும் கொண்டா, யாருக்கும் தெரியாம வேலைய முட்ச்சிக்கலாம்" என்றார். அக்கா ஒப்புக்காது என்றேன். அப்போது கமிட்டி மினிட்ஸ் நோட்டைத் திறந்து காட்டினார்.

"ஞானஸ்நானம் பெறாதவரைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதி இல்லை என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கீழே ஒன்பது கையெழுத்து. நான்காவது உன்னுடையது. அப்போது அங்கே வால் இருந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்குப் பெயர் மட்டும்தான் தெரிந்தது.

நீ பேசுகிறேன் என்று சொன்ன கூட்டம் அது. ஒருவர் மறுத்திருந்தால் ஒருமனது ஆகியிருக்காது. உன் வாயிலிருந்து "வேணாம்யா, பாவம்" என்று ஒரு வார்த்தை வந்ததா?

யாருமே படுக்காத இடத்துக்காக முனிசிபாலிட்டியோடு சண்டைக்குப் போகிறாய். அவள் கேட்டது அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆறடி. அது அவளுக்கு இல்லை என்றபிறகு அங்கே கல் இருந்தால் என்ன, தார் ரோடு போட்டால் என்ன என்று தோன்றியது. அன்றைக்கே வீட்டுக்கு வந்து இரண்டு கையெழுத்தையும் போட்டேன்.

நான் போட்டது பொய்க் கையெழுத்துதான். நீ போட்டது நிஜம். 22-ம் தேதி ஆபீசரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். எனக்குப் பயம் இல்லை என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கிறது.

காலேப்

---

சித்தூர்,
23-9-2025

காலேபுக்கு,

நேற்று போனேன்.

போவதற்குமுன் உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. முதல் முறை கிழித்துப் போடப் பார்த்தேன். இரண்டாம் முறை, இவன் யார் என்னைக் கேட்க என்று கோபம் வந்தது. அப்புறம் அந்த நோட்டு ஞாபகம் வந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேசத்தான் போனேன். ஜெபசிங் விதியை வாசித்தார். மனோரமா, "இன்னிக்கு ஒர்த்தருக்கு உட்டா நாளிக்கு ஊரே வந்து நிக்கும்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நோட்டு கைமாறி என்னிடம் வந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் போட்டிருந்தார்கள். நான் போடாவிட்டால் நாளைக்குப் பெண்கள் ஐக்கியத்தில் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று யோசித்தேன். நாற்பது வருஷம் மிஷன் ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாய் இருந்து டாக்டர்களையே அதட்டியவள், மனோரமாவின் வாய்க்குப் பயந்து கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் எனக்கே ஆறுதலாக இருந்திருக்கும். உன்னிடம் போனில் அழுதது நிஜ அழுகைதான், ஆனால் அதில் பாதி என்னை நினைத்து.

இப்போது நேற்றைய கதை. ஆபீசர் பத்திரத்தை முன்னால் வைத்து, "செப்பண்டி அம்மா, இதி மீதேனா?" என்றார், இது என்னுடையதுதானா என்று. பக்கத்தில் கிரண்குமார் பேனாவோடு நின்றான். அங்கே உட்கார்ந்து அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியை நினைத்துக்கொண்டேன். நைனா என்னைத் தோளில் வைத்து, பெயர் வாசிக்கும்போது "நீ சொல்லு கேசி" என்று சொன்னதை நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு சொல், "இல்லை" என்றால் கல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

என்னுடையதுதான் என்றேன்.

அவர் சும்மா விடவில்லை. அன்றைக்குக் கத்திவிட்டுப் போனவள் இன்றைக்கு மாற்றிப் பேசுகிறாளே என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "ஒருமுறை போட்டுக் காட்டுங்க" என்றார். பத்திரத்தை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து, உன் கையால் நீ இழுத்த அந்த வாலை என் முறிந்த மணிக்கட்டால் இழுத்தேன். என் கையெழுத்தை உன்னைப் பார்த்து நான் காப்பியடித்தேன், காலேப். இன்னும் கை வலிக்கிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ தப்பித்துவிட்டாய். மன்னித்துவிட்டேன் என்று எண்ணாதே. எட்டாம் வகுப்புக்கு முதுகில் நாலு வைத்தேன். இதற்கு என்ன வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு யார் வைப்பது என்றும் தெரியவில்லை.

கேசியா

---

திருப்பதி,
20-10-2025

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாயிற்று. பதில் எழுதத் தெரியவில்லை.

15-ம் தேதி கல்லை எடுத்தார்கள் என்று ஜெபசிங்குக்குப் போன் போட்டபோது தெரிந்தது. தூக்கும்போது கிரேன் கயிறு நழுவி வலது மூலை உடைந்துவிட்டதாம். அவர் வாயாலேயே சொன்னார், ஏதோ டம்ளர் உடைந்ததுபோல.

நான் போன் போட்டது சாம்பல் டப்பா விஷயமாக. எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "இன்னா டப்பா?" என்றார். ஜூனில் பேசியதைச் சொன்னேன். "நான் அப்படிச் சொல்லவே இல்லியே. தகனம் பண்ண சாம்பல சபைக் கல்லறையில வெக்க ரூல் ஏது?" என்றார். போனை வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவில்லை.

நீ உன் கல்லைக் கொடுத்தாய். நான் உன்னையே கொடுத்தேன். பதிலுக்கு ஒன்றும் வரவில்லை.

நவம்பருக்கு வரமாட்டேன். அந்த முகங்களைப் பார்க்கும் தெம்பு இல்லை. நம் பெயருக்கு நீ ஆஜர் சொல்லிவிடு.

டப்பா அலமாரியில் இருக்கிறது.

காலேப்

---

சித்தூர்,
10-11-2025

தம்பி காலேபுக்கு,

நேற்று பெயர் வாசித்தார்கள். கல்லைக் கோயில் காம்பவுண்டில் ஜெனரேட்டர் ரூம் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள். உடைந்த மூலையைச் சிமென்டால் பூசியிருக்கிறார்கள், வேறு நிறமாகத் தெரிகிறது. ஆறு பெயர்களுக்கும் சேதம் இல்லை. ஆனால் மேடைக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இத்தனை வருஷமும் அது தானாக வெளுத்துக்கொண்டிருந்தது என்று நினைத்தார்களோ என்னவோ.

மூன்றாவதாக "சா. ஏசுவடியான்" என்றார் போதகர் ஐயா. ஆஜர் சொன்னேன். ஆறாவது பெயர் முடிந்தது. அவர் நோட்டை மூடப்போனார்.

"ஐயா, இன்னும் ஒரு பேர் கீது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று உரக்கச் சொன்னேன்: "துர்காதேவி. நகரி. முப்பத்திரெண்டு வருசம் இந்தக் கல்லுக்கு சுண்ணாம்பு அட்ச்சவ."

மனோரமா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெபசிங், "இன்னாக்கா இது, சபை நடுவுல" என்று ஆரம்பித்தார், போதகர் ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். நான் காத்திருந்தேன்.

நானே ஆஜர் சொல்லியிருக்கலாம் என்று நீ நினைப்பாய். வாய்வரை வந்தது. ஆனால் அவளுக்கு இடம் இல்லை என்று கையெழுத்துப் போட்டவள் எந்த முகத்தோடு அவள் குடும்பம் என்று பதில் சொல்வது? சொல்லவில்லை. கல் நட்ட நாளிலிருந்து பதில் இல்லாமல் போன முதல் பெயர் அவளுடையதுதான். அந்த வெட்கம் சபைக்கும் இருக்கட்டும், எனக்கும் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

கமிட்டியிலிருந்து விலகுவதாக அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். வால் இல்லாத கையெழுத்து.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. முனிசிபாலிட்டிக்காரனும் ஜெபசிங்கும் செய்ததைவிட நீ செய்ததுதான் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. நான் செய்தது உன் நெஞ்சில் உட்கார்ந்திருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு நாம் பேசாமல் செத்துப்போனால் பெயர் வாசிக்கும்போது நமக்குப் பதில் சொல்லக்கூட ஆள் இருக்காது.

இன்று காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். காவல்காரர் கோவர்த்தனன் கேட்டதற்கு, அம்மா தலைமாட்டில் சாமந்திச் செடி நடப் போகிறேன் என்றேன். "கை வலிக்கப் போவுதும்மா, குடுங்க" என்று அவரே வாங்கி இரண்டு முழ ஆழத்துக்குத் தோண்டிக் கொடுத்தார். செடிக்கு எதற்கு இவ்வளவு ஆழம் என்று கேட்கவில்லை. துர்கா அவருக்கும் வருஷா வருஷம் ஒரு டம்ளர் டீ வாங்கிக் கொடுத்தவள்தானே.

குழிமேல் ஒரு பலகையைப் போட்டு, மேலே செடிகளை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

டப்பாவைக் கொண்டு வா. விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்தால் ஏழு மணிக்குள் இங்கே இருக்கலாம், உனக்குத் தெரியாத பஸ்ஸா. வடகிழக்குப் பருவமழை இன்னும் ஒரு வாரத்தில் மறுபடி வலுக்கும் என்கிறார்கள். மழை பெய்தால் குழி தூர்ந்துவிடும், மறுபடி தோண்டித் தரச் சொல்லிக் கோவர்த்தனனிடம் கேட்க முடியாது.

நீ வந்ததும் நான் பெயர் சொல்கிறேன். பதில் நீ சொல்.

அக்கா,
கேசியா